பாவாத்தாள் கரைத்த தொப்பை

அன்னூரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் வெள்ளியங்கிரிக்கு ஒரு கெட்ட பழக்கம். எந்த விருந்துக்குப் போனாலும் மனைவி பாவாத்தாளின் இலையைக் காட்டி, "நம்ம லாரிக்கு இன்னொரு லோடு ஏத்துங்க" என்பார். சொந்தபந்தம் முழுக்கச் சிரிக்கும். அவளும் சிரித்து வைப்பாள். இரு மகனே, உனக்கு ஒரு நாள் இருக்கிறது என்று உள்ளுக்குள் கறுவிக்கொள்வாள்.

அந்த நாள் கோயம்புத்தூரில், சிறுநீரக டாக்டர் யுவஸ்ரீயின் அறையில் வந்து சேர்ந்தது. வெள்ளியங்கிரிக்குச் சர்க்கரை பழைய சொந்தம். இப்போது மூத்திரத்தில் புரதம் ஒழுகுவதாக ரிப்போர்ட் சொன்னது.

"அதெப்படிங்க டாக்டர்? உடம்பு இவளுக்கில்ல இருக்குது. எனக்கு வெறும் தொப்பைதானுங்களே" என்றார் வெள்ளியங்கிரி.

"அந்தத் தொப்பைதாங்க வில்லங்கம்" என்றார் டாக்டர். "அம்மாவுக்கு இடுப்புலயும் தொடையிலயும்தான் சதை. அதுல கெடுதல் கம்மிங்க. வயித்துக்குள்ள சேர்ற கொழுப்பு சும்மா கெடக்காது, ஹார்மோனை ரத்தத்துல கலந்து உடும். அடிப்போனெக்டின்னு ஒண்ணு கிட்னியோட வடிகட்டியைக் காப்பாத்தும். தொப்பை பெருத்தா அது கொறஞ்சு போயிரும். லெப்டின்னு இன்னொண்ணு ஏறும், அது கிட்னியில தழும்பு உழுக வெக்கும். கூடவே சர்க்கரையும் இருந்தா வடிகட்டி ஓட்டையாயிருமுங்க. இப்படியே உட்டா டயாலிசிஸ்தான். மாத்திரையோட தொப்பையையும் கரைக்கோணும்."

டயாலிசிஸ் என்றதும் பாவாத்தாளுக்குப் பகீரென்றது. கரைக்கோணும் என்றதும் முகத்தில் ஒரு களை வந்தது.

"நான் பாத்துக்கறேனுங்க."

பார்த்துக்கொண்டாள் பாருங்கள், அப்படிப் பார்த்துக்கொண்டாள். ஊத்துக்குளி வெண்ணெய் வீட்டை விட்டுப் போனது. ஊறுகாயும் அப்பளமும் பின்னாலேயே போயின. ஊரிலுள்ள பேக்கரிகளில் எல்லாம் ஏறி இறங்கி, "எங்க ஊட்டுக்காரருக்குப் பன்னு குடுத்துப்போடாதீங்க, புண்ணியமாப் போகுமுங்க" என்று கும்பிட்டு வந்தாள். விடிந்தால் நடக்க விரட்டினாள். அவர் கத்துவார், தட்டைத் தள்ளுவார். "ஏனுங்க, கிட்னி போயிருமுங்க" என்று திரும்பவும் தட்டை வைப்பாள். மரியாதையில் ஒரு சொல் குறையாது.

அவிநாசியில் ஒரு கல்யாணம். பந்தியில் வெல்லப் பூரணம் வைத்த ஒப்பட்டு வந்தது. வெள்ளியங்கிரி ஆசையாக இலையை இழுத்தார். பாவாத்தாள் குரலைத் தூக்கினாள்.

"அவருக்கு வெக்காதீங்க தம்பி. தொப்பையால மூத்திரத்துல புரதம் போகுதுங்க."

பந்தியே திரும்பிப் பார்த்தது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் முகம் செத்துப்போனது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே, தன் இலையில் விழுந்த ஒப்பட்டை நெய் ஊற்றி ரசித்துத் தின்றாள். அப்படியொரு ருசியை அவள் அதுவரை கண்டதில்லை.

அடுத்த பரிசோதனையில் புரதம் பாதியாகக் குறைந்திருந்தது. "நல்லாக் கவனிச்சிருக்கீங்கம்மா" என்றார் டாக்டர். வெளியே வந்ததும், தொளதொளத்த பேண்டைப் பிடித்துக்கொண்டு வெள்ளியங்கிரி உடைந்துபோனார்.

"இப்படி மானத்தை வாங்கறதுக்கு நான் செத்தே போறேன், உட்டுரு புள்ள."

பாவாத்தாள் முந்தானையால் அவர் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"அத்தனை லேசுல உட்டுருவனுங்களா? முப்பத்திரண்டு வருசம் நான் பட்டிருக்கேனுங்க. இன்னும் அத்தனை வருசமும் நீங்க கிட்னி கெடாம எங்கூட உசுரோட இருக்கோணும்."