நவமியில் பிரிக்காத கவர்

போன வாரம் டவுன் பஸ்ஸில் போகும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேத்தி போனைப் பார்த்தாள். "காலேஜ்ல சீட்டு கெடச்சிருச்சு அம்மாச்சி" என்றாள். அவ்வளவுதான், போனைப் பைக்குள் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நல்ல நேரமா, கெட்ட நேரமா, ஒன்றும் பார்க்கவில்லை. இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

எங்களுக்குச் சோழவந்தான். அப்பா வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தார். எழுபதுகளில் எஸ்.எஸ்.எல்.சி. தேறிவிட்டு, மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியில் பி.யு.சி.க்கு விண்ணப்பம் போட்டேன். நம் விலாசத்தை நாமே எழுதி, ஸ்டாம்பு ஒட்டி, ஒரு கவரையும் கூட அனுப்ப வேண்டும். பதில் அதில்தான் வரும். ஆக, நான் காத்துக் கிடந்தது என் கையெழுத்துக்கே. தபால்காரர் வருவது பதினொரு மணிக்கு. நான் பத்திலிருந்தே வாசலைப் பெருக்கிக்கொண்டிருப்பேன். எங்கள் தெருவில் அவ்வளவு சுத்தமான வாசல் வேறு கிடையாது.

கவர் வந்த அன்று அஷ்டமி. "பிரி ஆத்தா" என்றார் அப்பா. அவருக்குப் படிக்கத் தெரியாது, நாளும் பெரிதாகப் பார்க்க மாட்டார். அதெல்லாம் பார்க்கிற மேதாவி நான்தான். அஷ்டமி நவமி கழியட்டும் என்று சாமி படத்துக்கு முன்னால் வைத்து, மேலே துளசி வேறு வைத்தேன். இரண்டு நாளும் அந்தப் பக்கமே சுற்றிச் சுற்றி வந்தேன்.

தசமியன்று தலைக்குக் குளித்துவிட்டுப் பிரித்தேன். அசல் சான்றிதழ்களோடு நேரில் வர வேண்டும், தவறினால் இடம் அடுத்தவருக்கு என்று இருந்தது. வரச்சொன்ன தேதி முந்தின நாள்.

அப்பா கையில் ஒரு கவுளி வெற்றிலையை எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் பஸ் ஏறினார். யாரிடமாவது கொடுத்தால் மனசு இளகும் என்று நினைத்தார் போல. ஆபீஸில் இருந்தவர் நல்ல மாதிரிதான். இடம் போய்விட்டது என்று சொல்லிவிட்டு, ஏன் நேற்றே வரவில்லை என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

"நாந்தான் சார் பிரிக்க விடல" என்றார் அப்பா.

திரும்பி வருகிற பஸ்ஸில், ஏனப்பா அப்படிச் சொன்னீங்க என்று அழுதேன். வெற்றிலைக் கட்டு அவர் மடியிலேயே இருந்தது.

"கைக்கு வந்ததக் கெடுத்துக்கிட்டாளேன்னு ஒன்னய ஒருத்தன் பேசக் கூடாது ஆத்தா. என்னயப் பேசுனாப் பேசிட்டுப் போறாய்ங்க."

ஊரிலும் அப்படியே சொன்னார். பொம்பளைப் பிள்ளைக்கு எதற்குப் படிப்பு, நான்தான் அனுப்பவில்லை என்றார். அடுத்த வருஷம் மறுபடி எழுதலாம் என்று எனக்கு மட்டும் சொன்னார். அதற்குள் மாமா வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்துவிட்டார்கள்.

இப்போது அந்தக் கொடிக்கால் பிளாட் ஆகிவிட்டது. தபால்காரருக்காக யாரும் வாசலில் நிற்பதில்லை. போகட்டும், அதற்கெல்லாம் நான் அழவில்லை. அப்பா செத்த அன்று, தலைமாட்டில் உட்கார்ந்து உறவுக்காரர் ஒருவர் சொன்னார்: "தங்கமான மனுசன். மகளப் படிக்க வைக்காம விட்டாரே, அது ஒண்ணுதான் கொறை."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.