வேர்க்குது

எங்கள் வீட்டில் 'வேர்க்குது' என்ற சொல்லை இப்போது யாரும் சொல்வதில்லை. அம்மா 'கசகசங்குது' என்பார். நான் 'புழுக்கமா இருக்கு' என்பேன். மதுரை வெயிலில் அந்தச் சொல் இல்லாமல் ஒரு கோடையைக் கடத்துவது சிரமம்தான்.

முன்பெல்லாம் அது எங்களுக்கு நல்ல சொல். காய்ச்சலில் கிடக்கும்போது அம்மா கழுத்தில் கைவைத்துப் பார்த்து, வேர்த்துருச்சு, இனி விட்டுரும் என்பார். நிம்மதியாகத் தூங்கிப்போவோம்.

அப்பா அவனியாபுரத்தில் லேத் பட்டறை வைத்திருந்தார். ஒரு சித்திரை மதியம் சீக்கிரமே வீட்டுக்கு வந்து, ரொம்ப வேர்க்குது என்று சொல்லித் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். ஊரே வேர்த்துக்கொண்டிருந்த நேரம். மோர் கொண்டுவந்து தோளைத் தொட்டேன். சட்டை நனைந்திருந்தது, உடம்பு சில்லிட்டுக் கிடந்தது. ஆட்டோ வாசலுக்கு வருவதற்குள் உயிர் போய்விட்டது. மாரடைப்புக்கும் அப்படி வேர்க்கும் என்று பிறகுதான் டாக்டர் சொன்னார்.

சென்னையிலிருந்து அண்ணன் வரவேண்டும் என்பதால், அப்பாவைக் குளிப்பாட்டிப் புதுச் சட்டை போட்டு ஐஸ் பெட்டியில் வைத்தோம். மறுநாள் காலையில், தலைமாட்டில் அழுதுகொண்டிருந்த அம்மா சட்டென்று நிறுத்தினார்.

"அவருக்கு வேர்க்குது. மூடியத் திறங்க."

பெட்டி கொண்டுவந்தவர் பக்குவமாக எடுத்துச் சொன்னார். வெளியே வெக்கை, உள்ளே குளிர், கண்ணாடியில் நீர் கோப்பது வழக்கம்தானாம். சொல்லிக்கொண்டே கண்ணாடியைத் துணியால் துடைத்தார். தெளிந்த இடத்தில் குனிந்து பார்த்தார். அப்பாவின் நெற்றியில், மேலுதட்டில், மூக்கின் இருபக்கமும் பொடிப்பொடியாக நீர்.

கரண்ட் விட்டுவிட்டு வந்ததால் இருக்கும் என்று முணுமுணுத்தபடி மூடியைத் திறந்தார். நான் துண்டால் ஒற்றினேன். ஒற்ற ஒற்றப் பூத்துக்கொண்டே இருந்தது. அம்மா துண்டை வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டார்.

"அவரோடதுதான்டி."

நானும் முகர்ந்து பார்த்தேன். கிரீஸும் இரும்பும் கலந்த வாடை. தினமும் சாயங்காலம் பட்டறையிலிருந்து அவரோடு வீட்டுக்குள் வருகிற அதே வாடை.

அந்தத் துண்டையும் அப்பாவோடு வைத்துத்தான் அனுப்பினோம். காரியம் முடிந்து உட்கார்ந்திருந்தபோது அண்ணன் எல்லாவற்றுக்கும் விளக்கம் சொன்னான். மூடிய பெட்டிக்குள் ஈரம் எப்படித் தங்கும், துக்கத்தில் மூக்கு எப்படி ஏமாறும் என்று. சரியென்று தலையாட்டினேன். அம்மா கடைசிவரை கேட்டுவிட்டு எழுந்துபோய், எங்கள் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டேபிள் ஃபேனை யாரும் உட்காராத நாற்காலியைப் பார்த்துத் திருப்பிவைத்தார்.