மாமாவின் துப்பாக்கிக்கு ஓர் அலமாரி

என் மாமனாருக்கு வந்திருப்பது மறதி நோய் என்று திருச்சி டாக்டர் சொன்ன பிறகும் எங்கள் வீட்டில் யாரும் துப்பாக்கியைப் பற்றி யோசிக்கவில்லை. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் அது எப்போதும்போல நின்றுகொண்டிருந்தது. உடையார்பாளையத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு முந்திரித் தோப்பும் கொஞ்சம் மக்காச்சோளமும் உண்டு. காட்டுப்பன்றியை விரட்ட மாமா உரிமம் எடுத்து வாங்கிய ஒற்றைக்குழல் துப்பாக்கி அது. என் கணவருக்கு மஸ்கட்டில் வேலை. மாமியார் தவறிவிட்டதால் வீட்டில் நானும் மாமாவும் மட்டும்தான். காலையில் அவரைக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிவிட்டு ஜெயங்கொண்டத்துக்கு வேலைக்கு பஸ் பிடித்தால் சாயங்காலம்தான் திரும்புவேன்.

ஒரு விடுமுறை நாளில் கரண்ட் ரீடிங் எடுக்கிறவர் பின்பக்கமாக வந்து மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அடுப்படியில் இருந்தேன். "யார்ரா அது?" என்ற மாமாவின் குரலைக் கேட்டு ஓடினேன். பின்வாசலில் அவர் துப்பாக்கியைத் தோளில் அணைத்து நின்றார். ரீடிங்காரர் கைகளைத் தூக்கியபடி, "பெரியவரே, நான் ஈபிங்க, ஈபிங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

"மாமா, நம்ம வூட்டுக்கு வர்ற ஆளுதான். குடுங்க" என்று மெதுவாகக் கேட்டேன். மாமா குழலைத் தாழ்த்திக் கொடுத்துவிட்டார். ரீடிங்காரர் வண்டியைக்கூட எடுக்காமல் தெருவுக்கு ஓடினார். துப்பாக்கியை மடக்கித் திறந்தேன். உள்ளே தோட்டா இருந்தது. அதை எடுத்து வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தவள், அடுப்பில் பால் தீயும் வாசனை வரும்வரை எழுந்திருக்கவில்லை.

அன்றே கணவரிடம் போனில் சொன்னேன். "ஸ்டேஷன்ல ஒப்படைச்சிரலாங்க."

"அப்பா தாங்க மாட்டாரு. நல்லா ஒரு பெட்டி வாங்கி உள்ள வச்சிப் பூட்டிரு" என்றார். நான் சொன்னது பக்கத்தில் இருந்த மாமாவுக்கும் கேட்டுவிட்டது. "நான் என்ன செத்தா பூட்டேன், துப்பாக்கிய ஒப்படைக்கறதுக்கு?" என்று எழுந்து போனார்.

பெட்டி தேடும் வேலை என் தலையில் விழுந்தது. அரியலூரில் ஒரு பீரோ கடைக்குப் போய் லாக்கர் கேட்டேன். "நகை வைக்கவாங்க?" என்றார் கடைக்காரர். துப்பாக்கிக்கு என்று சொல்ல வாய் வரவில்லை, ஆமாம் என்றேன். அவர் காட்டிய எதிலும் துப்பாக்கியில் பாதிகூட நுழையாது. கணவர் மஸ்கட்டிலிருந்து, விரல் ரேகை வைத்தால் திறக்கிற பெட்டி ஒன்றின் படத்தை அனுப்பினார். யாருடைய விரலை வைப்பது என்று கேட்டேன்.

கடைசியில் பெரம்பலூரில் ஒரு ஸ்டீல் பட்டறையில், ஆள் உயரத்துக்கு ஒடுக்கமான ஓர் அலமாரி செய்யச் சொன்னேன். தடித்த தகடு. கதவின் கீல் வெளியே தெரியக் கூடாது. தோட்டாவுக்கு உள்ளேயே தனி அறை, அதற்குத் தனிச் சாவி. இதைச் சொல்லவும், பிறகு போய்ப் பார்க்கவும் இரண்டு முறை லீவு போட்டேன்.

லோடு ஆட்டோவில் அலமாரி வந்தது. அப்படியே தூக்கிக்கொண்டு போய்விட முடியாதபடி அதைச் சுவரோடு சேர்த்து போல்ட் போட வேண்டும். மாமாவின் அறைச் சுவர் பழைய மண்சாந்துக் கட்டு. துளை போட்டதும் பொலபொலவென்று கொட்டியது. போல்ட்டைக் கையாலேயே உருவ முடிந்தது. வந்தவர்கள் வீடு முழுக்கத் தட்டிப் பார்த்துவிட்டு, "புதுசா கட்டுன ரூம்ல கான்கிரீட் தூண் இருக்குங்க. அங்கதான் நிக்கும்" என்றார்கள். அது என் படுக்கையறை. துணி மடித்து வைத்திருந்த மூலையைக் காலி செய்து கொடுத்தேன்.

மாமா துப்பாக்கியைத் தானே உள்ளே வைத்துப் பூட்டி, இரண்டு சாவிகளையும் அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார். கேட்டதற்கு, "லைசென்சு என் பேருல இருக்கு" என்றார். இவ்வளவு அலைந்தும் ஒன்றுமே மாறவில்லை. அவரோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை.

சில வாரம் கழித்து ஒரு விடுமுறை நாள் மத்தியானம். சாப்பிட்டுக் கை கழுவிய மாமா, "ஏம்மா, அன்னைக்கு நான் அந்த ஈபிக்காரனச் சுடப் பாத்தனா?" என்று கேட்டார். அவர் பேச்சு அப்படித் தெளிவாக இருந்து வெகுநாள் ஆகியிருந்தது. பொய் சொல்ல முடியவில்லை. "ஆமாங்க மாமா" என்றேன்.

வேட்டியை விலக்கிக் கயிற்று முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். முடிச்சு இறுகிக் கிடந்தது. "நீ அவுரு" என்றார். குனிந்து அவிழ்த்தேன். சாவிகளை என் உள்ளங்கையில் வைத்து மூடினார். "இத நீயே வச்சுக்க. நானே வந்து கேட்டாலும் குடுக்காத."

மறுநாள் காலையில் இடுப்பைத் தடவிப் பார்த்துவிட்டு, மருமகள் சாவியைத் திருடிவிட்டாள் என்று தெருவில் நின்று கத்தினார். பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்து, "குடுத்துத்தான் தொலையேன், பெரிய மனுசன் அழுவுறாரு பாரு" என்றார். முடியாது என்றேன். ஏன் என்று கேட்டபோது சொல்லவில்லை. சொன்னால் மாமாவின் எதிரிலேயே அவர் நோயைப் பேச வேண்டும். ஏறக்குறைய தினமும் இது நடந்தது. பஸ்ஸில் உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொள்வேன். அது ஒன்றுதான் ஓய்வு.

கணவர் லீவில் வந்து இரண்டு காலைகள் இதைப் பார்த்தார். மூன்றாம் நாள், "நீ சொன்னப்பவே செஞ்சிருக்கணும்" என்றார். துப்பாக்கியை ஒப்படைக்க மாமாவையும் அழைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனோம். காட்டிய இடத்தில் மாமா கையெழுத்துப் போட்டுவிட்டு, எஸ்.ஐ. கொடுத்த டீயைக் குடித்தார். எங்கே வந்திருக்கிறோம் என்று அவர் கேட்கவே இல்லை.

கணவர் திரும்பிப் போய்விட்டார். அலமாரியைத் தூணிலிருந்து கழற்ற ஆள் வரவில்லை, நானும் கூப்பிடவில்லை. மாமா அதன் எதிரில் நின்று, "சோளத்துல பன்னி பூந்துருச்சி. துப்பாக்கி எங்கம்மா?" என்கிறார்.

"ஸ்டேஷன்ல இருக்குங்க மாமா. எலெக்ஷனுக்காக வாங்கி வச்சிருக்காங்க."

தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஒப்படைப்பது வழக்கம் என்பது அவருக்கு இன்னும் மறக்கவில்லை. "முடிஞ்சதும் வாங்கிட்டு வந்துரு" என்கிறார்.

"சரிங்க மாமா" என்று சொல்லி அவரைக் கட்டிலுக்கு அழைத்துப் போகிறேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி எழுந்து வருவார்.