மித்தி ஆற்றோரம் ஓடிய வாஹித்

அப்துல் வாஹித் முதன்முதலில் ஓடியது மழைக்குப் பயந்துதான்.

அதற்கு முன்னால் அவர் நடந்துகொண்டிருந்தார். அதுவும் டாக்டர் சொன்னதற்காக. மேலப்பாளையத்திலிருந்து பம்பாய்க்கு வந்த அவர், தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை ஒன்று போட்டிருந்தார். பட்டறைக்குப் பின்னாலேயே தோல் ஊறவைக்கும் தொட்டிகள். சுண்ணாம்பும் பட்டைச் சாறும் கலந்த நெடி சுவரேறிக் குதித்து உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். மற்றவர்களுக்கு அது பழகிவிட்டது. வாஹித்தின் நெஞ்சு மட்டும் பழக மாட்டேன் என்றது. முப்பது வயதைத் தாண்டியதும் இருமல் பிடித்தது, படுத்தால் இழுப்பு. சயானில் இருந்த டாக்டர் மருந்தை எழுதிக் கொடுத்துவிட்டு, காலையில் எழுந்து நல்ல காற்றில் நடக்கச் சொன்னார்.

தாராவியில் நல்ல காற்றுக்கு எங்கே போவது? வாஹித் விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு, ஆறு வருகிற திசையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். மித்தி ஆறு தாராவிக்குப் பின்னால் கருப்புச் சேறும் கண்டல் புதருமாகத்தான் கிடக்கும். அதை ஆறு என்று யாரும் சொல்வதில்லை, கடற்கழி என்ற பொருளில் 'காடி' என்பார்கள். ஆனால் குர்லா பாலத்தைத் தாண்டி மேலே போகப்போக நாற்றம் குறைந்தது. எருமைக் கொட்டகைகள் வந்தன. அதற்கும் மேலே இரண்டு பக்கமும் நெல் வயல், கீரைப் பாத்தி, வரப்பில் ஈச்ச மரங்கள். தூரத்தில் பவாய்க் குன்றுகள். பட்டறையிலிருந்து இவ்வளவு பக்கத்தில் இப்படி ஒரு பள்ளத்தாக்கு படுத்திருக்கிறது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

ஒரு ஜூன் மாதக் காலையில், வயல்களுக்கு நடுவே நிற்கும்போது வானம் இருண்டு கொட்டத் தொடங்கியது. ஒதுங்க ஒரு கூரையில்லை. வாஹித் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். கொட்டகைகள் வரும்வரை ஓடுவோம் என்றுதான் நினைத்தார். கொட்டகைகள் வந்தன, கால் நிற்கவில்லை. குர்லா பாலம் வந்தது, அப்போதும் நிற்கவில்லை. மழை வெறித்தபிறகும் ஓடிக்கொண்டிருந்தார். வீட்டு வாசலில் வந்து நின்றபோதுதான் இருமல் வரவில்லை என்பது உறைத்தது. உடம்பெல்லாம் வெந்நீரில் குளித்ததுபோல் இருந்தது.

மறுநாள் மழை இல்லை. அன்றும் ஓடினார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில் இப்படித் தொடங்கியது. கைலி தட்டுகிறது என்று காக்கி அரை டவுசருக்கு மாறினார். கேன்வாஸ் ஷூ வாங்கி, தேய்ந்த அடியில் தானே தோலை வெட்டி ஒட்டினார். தெருவில் வேடிக்கையாகிப் போனது. மனைவி அக்தர் பானுவுக்குத்தான் வெளியே தலைகாட்ட முடியவில்லை.

"ஏங்க, ரெண்டு புள்ளைக்கு வாப்பா நீங்க. அரை டவுசரப் போட்டுக்கிட்டு ஓடுதிய. தண்ணிக் குழாய்ல எதிர்வீட்டு பீவி லாத்தா கேக்குறா, 'ஒன் மாப்பிள்ளய தெனம் யாருடி தொரத்துறா'ன்னு. நான் என்னத்தச் சொல்ல?"

"நெஞ்சு லேசா இருக்குன்னு சொல்லு."

"ஒங்களுக்கு நெஞ்சு லேசாகுது. எனக்குல்லா பாரமாகுது."

வாஹித் சிரித்துக்கொண்டே போய்விடுவார். அவருக்கு அப்போது ஆற்றங்கரை முழுவதும் மனப்பாடம் ஆகிக்கொண்டிருந்தது. ஒரே வழியில் தினமும் ஓட முடியாது என்பதை ஆறே சொல்லிக் கொடுத்தது. கடல் தண்ணீர் உள்ளே ஏறும் நாட்களில் கண்டல் ஓரத்து ஒற்றையடிப் பாதை முழுகிவிடும். அப்போது சயான் ரோடு வழியாகச் சுற்ற வேண்டும். மழைக்காலத்தில் வரப்பு வழுக்கும். கொட்டகைகளின் மேட்டுப் பாதைதான் சரி. பனி மாதங்களில், விமான நிலையத்து வேலியோரமாக ஆறு வளைந்து திரும்பும் இடம்தான் அவருக்கு மிகவும் பிடித்தது. தரை இறுகிச் சமமாக இருக்கும். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் கம்பி வேலி, தலைக்கு மேலே விமானம் இரைந்துகொண்டு இறங்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மரோல் தாண்டி ஏரிவரை போவார்.

மரோல் பக்கத்தில் ஆற்றையொட்டி ஃபிலோமினாவின் கீரைத் தோட்டம் இருந்தது. அந்த ஊர்க் கிறிஸ்தவர்களில் ஒருத்தி, ஐம்பது வயதிருக்கும். புடவையைத் தார்பாய்ச்சிக் கட்டி, முழங்கால்வரை சேறோடு நிற்பாள். முதலில் சில நாள் இவரைப் பார்த்துக் கையிலிருந்த மண்வெட்டியை இறுக்கிப் பிடித்தாள். பிறகு ஒரு நாள், "யே தௌட்னேவாலா!" என்று கூப்பிட்டு, கிணற்றுத் தண்ணீரை ஒரு செம்பில் நீட்டினாள். ஓடுகிறவனே என்று கூப்பிட்ட அந்தப் பெயரே அவருக்கு நிலைத்துவிட்டது. அவளோ அவரோ ஒருவரையொருவர் பேர் கேட்டுக்கொண்டதில்லை. தண்ணீர் குடிக்கும் நேரத்துக்குள் மழை, முள்ளங்கி, அவள் மருமகளின் சோம்பல் என்று ஏதாவது ஓடும். பிறகு இவர் ஓடுவார்.

அறுபத்தைந்து செப்டம்பரில் பாகிஸ்தானோடு சண்டை வந்தது. ஜன்னல்களில் கருப்புக் காகிதம் ஒட்டினார்கள். சங்கு ஊதினால் தெருவே இருண்டு போகும். ஒற்றர்கள் பாராசூட்டில் இறங்கியிருக்கிறார்கள், மசூதிக் கோபுரத்திலிருந்து டார்ச் அடிக்கிறார்கள் என்று ஆளுக்கொரு கதை. பட்டறையில் தோல் வெட்டும் சுடலை, வாஹித்தோடு பத்து வருஷமாக இருப்பவர், ஒரு நாள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"பாய், கொஞ்ச நாளைக்கு இந்த ஓட்டத்த நிறுத்தி வையுங்களேன்."

"ஏன் சொடலை? சண்ட நடக்கது பஞ்சாப்ல. நான் ஓடுறது மரோலுக்கு."

"அது ஒங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். பாக்குறவனுக்குத் தெரியணும்லா?"

வாஹித்துக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. நாலு வருஷமாக ஓடுகிற பாதை. எருமைக்காரர்களுக்கே அவர் முகம் தெரியும்.

ஆனால் மறுநாள் விமான நிலைய வேலியோரத்து வளைவில் நின்றவர்கள் எருமைக்காரர்கள் இல்லை. புதிதாக முளைத்த டீக்கடையில் கூடியிருந்த ஏழெட்டுப் பேர். ஒருவன் குறுக்கே வந்து நிறுத்தினான். எங்கே ஓடுகிறாய் என்று கேட்டான். ஏரிப் பக்கம் என்றார். எதற்கு என்றான். சும்மா என்றார். பேர் என்ன என்றான்.

"அப்துல் வாஹித்."

அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவன்கூட எழுந்து நின்றான். யாரோ அவர் பனியனைப் பின்னாலிருந்து பிடித்தார்கள். ஷூவைக் கழற்றச் சொல்லி, இவர் கையால் ஒட்டிய அடித்தோலைப் பிய்த்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தார்கள். ஒருவன் கன்னத்தில் அறைந்தான். பிறகு வெறுங்காலோடு ரோட்டில் நடத்திக்கொண்டுபோய்ப் போலீஸ் சௌக்கியில் விட்டார்கள்.

அங்கே இருந்த அதிகாரி அடிக்கவில்லை. எதிரே உட்காரவைத்து அமைதியாகக் கேட்டார். தினமும் எந்த வழியாக ஓடுகிறாய்? உண்மையைச் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று வாஹித் நம்பினார். எந்த நாளில் எந்தப் பாதையில் தண்ணீர் ஏறும், வேலி எங்கே வளைகிறது, அதன் அடியில் சாக்கடைக் குழாய் எங்கே நுழைகிறது, எந்தத் திருப்பத்தில் நின்றால் விமான ஓடுபாதை தெரியும், எல்லாவற்றையும் சொன்னார். ஓடுகிறவன் கண்ணில் படுவதெல்லாம் அவை. சொல்லச் சொல்ல அதிகாரியின் முகம் இறுகுவதைக் கண்டார். ஆனால் நிறுத்தினால் மறைப்பதாக ஆகிவிடும் என்று இன்னும் சொன்னார்.

"இவ்வளவும் பார்த்து வைத்திருக்கிறாய். சரி, எதற்காக ஓடுகிறாய்?"

வாஹித் வாயைத் திறந்தார். இருமலுக்காக என்று சொல்லலாம். இருமல் போய் மூன்று வருஷமாகிவிட்டது. மழையைச் சொன்னால் சிரிப்பார்கள். அவருக்கே தெரிந்த பதில் எதுவும் இந்தியில் வரவில்லை, தமிழிலும் வரவில்லை.

மத்தியானம் கழிந்தது. அவர் பெஞ்சில் உட்கார்ந்தே லுஹர் தொழலாமா என்று யோசித்து, இந்த இடத்தில் அதுவும் குற்றமாகிவிடுமோ என்று கையைக்கூட அசைக்காமல் இருந்தார். அந்த நேரத்தில் தொழவும் பயந்ததை நினைத்துப் பின்னால் வெகுநாள் வெட்கப்பட்டார்.

வாசலில் ஒரு பெண்ணின் சத்தம் கேட்டது. ஃபிலோமினா. பின்னால் தோட்டத்து ஆட்கள் சிலர், இரண்டு எருமைக்காரர்கள். பால்காரன் ஒருவன் சொல்லிக் கேள்விப்பட்டு, காலில் சேறு காயாமல் அப்படியே வந்திருந்தாள்.

"இங்கே அப்துல் வாஹித் என்று ஒருத்தன் இருக்கிறான், அவனை உனக்குத் தெரியுமா?" என்றார் அதிகாரி.

"தெரியாது," என்றாள்.

வாஹித் நிமிர்ந்து பார்க்க, அவள் தொடர்ந்தாள்.

"அப்துல் யாரென்று எனக்கென்ன தெரியும்? நான் எங்கள் தௌட்னேவாலாவைத் தேடி வந்தேன். இதோ உட்கார்ந்திருக்கிறானே, இவன்தான். நாலு வருஷமாக என் கிணற்றுத் தண்ணீர் குடிக்கிறான். இவன் ஒற்றனென்றால் நானும் ஒற்றன். என்னையும் உட்கார வையுங்கள். தோட்டத்துக்கு நீங்கள் போய்த் தண்ணீர் பாய்ச்சுங்கள்."

அதிகாரி சிரிக்கவில்லை. ஆனால் வந்தவர்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியாக விசாரித்தார். சாயங்காலம் சுடலையும் தேடி வந்து சேர்ந்தார். விளக்கு வைக்கும் நேரத்தில் போகச் சொன்னார்கள். இனிமேல் அந்தப் பக்கம் வராதே என்று ஒரு வார்த்தையும் சொன்னார்கள்.

வீட்டில் வாஹித், வழியில் விழுந்துவிட்டேன் என்றார். அக்தர் பானு வீங்கிய கன்னத்தைப் பார்த்தாள். வெறுங்காலைப் பார்த்தாள். வெந்நீர் வைத்தாள்.

சண்டை நின்றது. கருப்புக் காகிதத்தைக் கிழித்தார்கள். வாஹித் ஓடவில்லை. தொழுதுவிட்டு நேரே பட்டறைக்குப் போய் உட்கார்ந்தார். தெருவில் யாராவது வேகமாக நடந்து வந்தால் நிமிர்ந்து பார்த்தார். குளிர் தொடங்கியதும் இருமல் திரும்பி வந்தது. தண்ணிக் குழாயில் பீவி லாத்தா, "இப்பத்தான் ஒன் மாப்பிள்ள மனுசனா இருக்காரு" என்று சொன்னபோது, அக்தர் பானு குடத்தைப் பாதியிலேயே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அன்றைக்கே பட்டறைக்குப் போய்ச் சுடலையைத் தனியாகக் கூப்பிட்டு நிறுத்தினாள்.

"அண்ணாச்சி, அன்னிக்கு என்ன நடந்துச்சு? மறைக்காமச் சொல்லுங்க."

சுடலை சொன்னார்.

நோன்புப் பெருநாள் ஜனவரியில் வந்தது. தொழுகை முடிந்து வந்தவரிடம் அக்தர் பானு ஒரு தூக்குச் சட்டி நிறைய இனிப்பைக் காட்டினாள்.

"வட்டலப்பம். ஒங்களுக்குத் தண்ணி குடுத்த அம்மாவுக்கு. வாங்க, போய்க் குடுத்துட்டு வருவோம்."

"ஒனக்கு யாரு சொன்னா?"

"யாரு சொன்னா என்ன? ஒங்களப் புருசன்னு சொல்றதுக்கு நான் போயிருக்கணும் அங்க. அவ போயிருக்கா."

வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு, பஸ் மாறி பஸ் ஏறி மரோல் போனார்கள். ஃபிலோமினா இவரைக் கண்டதும் தோட்டத்தின் நடுவிலிருந்தே திட்ட ஆரம்பித்தாள். செத்துவிட்டாயா, காலொடிந்துவிட்டதா, ஒரு சேதி சொல்லத் தெரியாதா, தினமும் செம்பைக் கழுவி வைத்தேனே! அக்தர் பானுவுக்கு இந்தி சரியாக வராது. ஆனால் திட்டு முழுவதும் புரிந்தது. இரண்டு பெண்களும் கிணற்றடியில் உட்கார்ந்து, பாதி ஜாடையிலும் பாதி சிரிப்பிலுமாக வெகுநேரம் பேசினார்கள். பிள்ளைகள் முள்ளங்கியைப் பிடுங்கித் தின்றன.

வாஹித் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். மழைக்காலத்து மஞ்சள் போய்த் தண்ணீர் தெளிந்திருந்தது.

புறப்படும்போது அக்தர் பானு சொன்னாள். "நாங்க பஸ்ல போறோம். நீங்க அப்பிடியே வாங்க."

"எப்பிடி?"

"எப்பமும் வாறது மாதிரி."

"பெருநாச் சட்ட போட்டிருக்கேன் பானு."

"தொவச்சுக்கலாம்."

செருப்பைக் கழற்றி அவள் பையில் போட்டுவிட்டு, புதுக் கைலியை மடித்துக் கட்டினார். முதலில் நடந்தார். தோட்டத்தின் எல்லைவரை பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு கூடவே ஓடி வந்து நின்றுவிட்டன. பிறகு கால் தானாக வேகமெடுத்தது. மூச்சு முட்டியது, இருமினார், மறுபடி ஓடினார்.

வேலியோரம் ஆறு வளையும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் நின்றார். அங்கிருந்தே டீக்கடையின் புகை தெரிந்தது. பாதை காய்ந்து நல்ல இறுக்கமாக இருந்தது. சற்றுநேரம் பார்த்துவிட்டு, திரும்பி, சாக்கி நாக்கா ரோட்டில் ஏறிச் சுற்றி ஓடினார். தூரம் அதிகம், லாரிப் புகை வேறு. அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் அவர் மித்திக் கரையில் ஓடினார். அந்த வளைவில் மட்டும் கால் வைக்கவே இல்லை.

பஸ் கிடைக்கத் தாமதமாகி, அக்தர் பானு பிள்ளைகளோடு வீடு வந்தபோது அவர் பூட்டிய கதவுக்கு முன்னால் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். பெருநாள் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முழங்கால்வரை புழுதி. பீவி லாத்தா எதிர்வீட்டு வாசலில் நின்று, என்ன ஏது என்று விசாரித்துக்கொண்டிருந்தாள்.

"மரோல்லருந்து ஓடியே வந்துட்டாரு லாத்தா," என்றாள் அக்தர் பானு, சாவியைத் தேடிக்கொண்டே. "பஸ்ஸ விட முந்தி."