மருமகளை ஏற்றிவிட வருபவர்

படப்பை நிறுத்தத்தில் எங்கள் கம்பெனி பஸ்ஸுக்கு ஒரு பெண்ணைத் தினமும் ஒரு பெரியவர் கூட்டிவருவார். நரைத்த மீசை, மடித்துக் கட்டிய லுங்கி. அவள் உட்கார்ந்ததைப் பார்த்த பிறகுதான் பஸ்ஸைக் கையால் தட்டி, டிரைவரிடம் "போலாம்" என்பார். அப்பா என்றே நினைத்திருந்தேன். மாமனார் என்றாள் அவள். அவளை அடித்த கணவனை, தன் சொந்த மகனை, வீட்டை விட்டுத் துரத்தியவர் இவர்தானாம். அவன் வழியில் மறிப்பான் என்று துணைக்கு வருகிறார்.

ஒருநாள் பஸ் தாமதம். அவள் சற்றுத் தள்ளி போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் அவரிடமே கேட்டேன்.

"பெத்த புள்ளைய அனுப்ப எப்படிங்கய்யா மனசு வந்துச்சு?"

"அடிக்கிறத அவன் எங்க கத்துக்கினான்மா? என்னப் பாத்துதான். அவன் அம்மாவ நான் அடிக்காத அடியா?"

"இப்ப உங்க வீட்டம்மாவுக்கு நிம்மதியா இருக்குமே?"

"எங்க? இந்தப் பொண்ணுக்காக நான் வாயத் தொறந்தாலே எழுந்து போயிடுறா. 'எனக்கு யாரு வந்தா?'ன்னு ஒருதபா கேட்டா."

பஸ் வந்துவிட்டது. அன்றும் தட்டி அனுப்பினார்.

அவரை நல்லவர் என்று எல்லோரிடமும் சொல்லிவந்தவள் நான். இப்போது அவரைப் பார்க்கும்போதெல்லாம், பார்த்தேயிராத அந்த அம்மாவைத்தான் நினைக்கிறேன். மருமகளுக்குச் சோறு கட்டிக்கொடுப்பது அந்த அம்மாதானா என்று அவளிடம் கேட்க நினைக்கிறேன், இன்னும் கேட்கவில்லை.