குளித்துக்கொண்டே இருக்கும் மாமா

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான் என்பது வாராவாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியும். வரி கோணும். முன்னால் சொல்ல வேண்டியதைப் பின்னால் சொல்வேன். இப்போது மறதி வேறு சேர்ந்துகொண்டது. ஆனாலும் இந்த விஷயத்தை எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஒரு போன்காலில் ஆரம்பித்தது. பேசியவன் பாண்டி. என் சித்தி மகன். என் மகள் செல்விக்கு வரன் பேசிக்கொண்டிருந்தவன்.

“யக்கா, வீட்டுல யாரு இருக்கா?”

“நானும் செல்வியுந்தான்.”

“வேற யாரும் இல்லையே?”

“வேற யாருடா இருக்கா?”

பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டான்.

“அப்ப... குளிச்சுக்கிட்டு இருந்த ஆளு யாருக்கா?”

எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. உங்களுக்குப் புரிந்திருக்காது. சொல்கிறேன்.

செல்விக்கு நாற்பது தாண்டிவிட்டது. புருஷனை ரோட்டு விபத்தில் பறிகொடுத்துப் பல வருஷம் ஆகிறது. பிள்ளை இல்லை. நாகமலை புதுக்கோட்டையில் யுனிவர்சிட்டிப் பக்கம் ஒரு டிடிபி சென்டரில் வேலை பார்க்கிறாள். அவளும் நானும் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறோம். ‘இன்னொரு கல்யாணம்’ என்று யார் பேச்செடுத்தாலும் எழுந்து போய்விடுவாள். இந்த வருஷம்தான், செக்கானூரணிக்கு அங்கிட்டு மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கும் முருகேசனுக்குச் சரி என்றாள். அவரும் மனைவியை இழந்தவர்.

“இவருக்கு மட்டும் எப்படிடீ சரின்ன?” என்று கேட்டேன்.

“போன்ல பேசுறப்ப, நான் முடிக்கிற வரைக்கும் காத்திருக்காரும்மா” என்றாள். அவ்வளவுதான் காரணம். எனக்கு அது போதுமானதாகத்தான் இருந்தது.

அந்த வரன்தான் இப்போது நின்றுபோனது. பாண்டி சொன்னது இது. முருகேசனின் அம்மா பேச்சியம்மா யாரிடமும் சொல்லாமல், நேரில் விசாரித்துவிடலாம் என்று எங்கள் தெருவுக்கு வந்திருக்கிறார். வாடகைக்கு வீடு தேடுகிற மாதிரி. அன்று செல்விக்கு லீவு. நான் கோரிப்பாளையத்தில் கண் டாக்டரிடம் போயிருந்தேன். பேச்சியம்மா கதவைத் தட்டியிருக்கிறார். உள்ளிருந்து செல்வியின் குரல்:

“மாமா! வாசல்ல யாரோ வந்திருக்காங்க, என்னன்னு கேளுங்க!”

கொஞ்சம் பொறுத்து ஜன்னல் வழியாக, “அவரு குளிச்சுக்கிட்டு இருக்காரு. ஒங்களுக்கு என்ன வேணும்?”

பேச்சியம்மா வாசலைப் பார்த்தார். பெரிய ஆம்பளைச் செருப்பு ஒரு ஜோடி. கொடியைப் பார்த்தார். ஈரக் கைலி ஒன்று காய்ந்துகொண்டிருக்கிறது. வேறென்ன வேண்டும்? வந்த வழியே திரும்பிவிட்டார்.

எங்கள் பக்கம் பெண்கள் புருஷனைத்தான் மாமா என்று கூப்பிடுவார்கள். புருஷன் இல்லாத என் மகளுக்கு மாமா எங்கிருந்து வந்தார்?

அவர் வந்தது எங்கள் ஊரிலிருந்து. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நடந்த ஒரு கொலையிலிருந்து.

நாகமலைக்கு மேற்கே, கிணற்றுப் பாசன ஊர் எங்களுடையது. அறுப்புக் காலத்தில் உச்சி வேளையில் ஊருக்குள் ஆம்பளை வாடையே இருக்காது. அப்படி ஒரு நாளில் பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிறவன் ஒருவன் வந்தான். எங்கள் அடுத்த தெருவில் ராக்கம்மா என்று ஒரு மதினி. காதில் கனமான தங்கத் தண்டட்டி போட்டிருப்பார். அவன் குடிக்கத் தண்ணீர் கேட்டான். அவர் மோந்து வர உள்ளே போனார். அவன் பின்னாலேயே போனான்... இதற்கு மேல் எழுத வேண்டாம். தண்டட்டியோடு போய்விட்டான் என்பது போதும்.

பிறகு அவனைப் பிடித்தார்கள், ஜெயிலில் போட்டார்கள் என்றார்கள். கேஸ் முடிந்துவிட்டது. ஆனால் எங்கள் வீடுகளில் முடியவில்லை. வீட்டில் ஆள் இருப்பது தெரிந்திருந்தால் அவன் உள்ளே போயிருப்பானா என்று பெண்கள் பேசிப் பேசி, ஒரு வழக்கம் தானாக வந்தது. கதவு தட்டினால் முதலில் இல்லாத ஆம்பளையைக் கூப்பிட வேண்டும். அதற்குப் பிறகுதான் வந்தவரிடம் பேச்சு. நான் “அய்யா, அய்யா” என்று என் அப்பாவைக் கூப்பிடுவேன். அவர் கரும்புக் காட்டில் இருப்பார். கல்யாணமான பின் “மாமா” ஆயிற்று. என் வீட்டுக்காரர் காலமான பிறகும் அப்படியே கூப்பிட்டேன். கூப்பிடுவது நின்றால்தானே பயம்?

கேட்டுக் கேட்டு செல்விக்கும் அதுவே வந்துவிட்டது. இரண்டு பொம்பளைகள் மட்டும் இருக்கிற வீடாயிற்றே என்று செருப்பு, கைலியெல்லாம் நான் சேர்த்தவை. செருப்பு கடையிலேயே பெரிய சைஸ். எங்கள் ஊர்க் கதையில் அந்தப் பாத்திரக்காரன் ஆறடி. அவனைவிடப் பெரிய ஆள் உள்ளே இருக்கிறான் என்று தெரிய வேண்டாமா? காலையில் செருப்பைத் தெருவைப் பார்த்துத் திருப்பி வைப்பேன். சாயங்காலம் வீட்டைப் பார்த்து. யாரும் உடுத்தாத கைலியை வாராவாரம் துவைத்துக் காயப்போடுவோம். சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது ஒன்று இருக்கும். ஏன் செய்கிறோம் என்பது மறந்துபோயிருக்கும்... அவ்வளவுதான்.

இன்னொன்றும் எனக்கு ஒட்டிக்கொண்டது. யார் வீட்டிலும் தண்ணீர் கேட்க மாட்டேன். அவன் கேட்டது தண்ணீர் இல்லையா? நான் கேட்டால் என்னையும் அப்படிப் பார்ப்பார்களோ என்று சின்ன வயதில் ஒரு கூச்சம். அது வளர்ந்து என்னோடு கிழவியாகிவிட்டது.

பாண்டி சொன்னதைக் கேட்டதும் செல்வி வாசலுக்குப் போனாள். கொடியிலிருந்த கைலியை எடுத்து மடித்து உள்ளே வைத்தாள். மறுநாள் கேஸ் சிலிண்டர்காரர் கதவைத் தட்டினார். அவள் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் எப்படி எழுதுவது?

“நான் போய்ச் சொல்லிட்டு வாரேன்” என்றேன்.

“வேணாம்மா. நம்பாதவங்க சம்பந்தத்த வச்சுக்கிட்டு நான் என்ன செய்யப் போறேன்?”

“நம்புற மாதிரியா நம்ம வாசல் இருந்துச்சு?”

நாலு பேர் முன்னால் பேசினால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எழுத்தில் இருக்கிற தைரியம் வாயில் கிடையாது. அதனால் ஒரு யோசனை செய்தேன். செருப்பை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

பேச்சியம்மா வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். யாரென்று சொன்னதும் முகம் இறுகிவிட்டது. பிளாஸ்டிக் சேரைக் காட்டினார். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

நான் பேச வாயெடுத்தேன். வரவில்லை. சரி, அது பேசட்டும் என்று பையிலிருந்து செருப்பை எடுத்தேன்.

அவர் துள்ளி எழுந்துவிட்டார். “என்னத்தா இது! வீடு தேடி வந்து செருப்பத் தூக்குறீக? அடிக்க வந்தீகளா?”

எனக்கு வேர்த்துக் கொட்டியது. வெயிலில் நடந்ததும் சேர்ந்து தொண்டை காய்ந்துவிட்டது. செருப்பைத் தரையில் வைத்துவிட்டு, “கவுத்திப் பாருங்க” என்றேன். அது மட்டும்தான் வந்தது.

முறைத்தபடியே கொட்டை எடுக்கிற குச்சியால் ஒன்றைப் புரட்டினார். அடியில் துளி தேய்மானம் இல்லை. கடைக்காரர் ஒட்டிய ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. இன்னொன்றையும் புரட்டினார்.

“போட்டதே இல்லையா?”

“போடுறதுக்கு ஆளு இல்லீங்க.”

“பெறகு குளிச்சது யாரு?”

சொல்ல வேண்டும். இத்தனை வயதில் முதல் தடவையாக ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்து கேட்டேன்.

“கொஞ்சம் தண்ணி குடுங்க.”

சொம்பு வந்தது. குடித்தேன். பிறகு சொன்னேன். “நான் யாருகிட்டயும் தண்ணி கேக்குறதில்லங்க. எங்க ஊருல அப்படித்தான் ஒருத்தன் தண்ணி கேட்டு வந்து...”

சொம்பை வாங்க நீட்டிய பேச்சியம்மாவின் கை நின்றுவிட்டது.

“பாத்திரக்காரனா?”

“ஒங்களுக்கு எப்படித் தெரியும்?”

“எப்படித் தெரியுமா! எங்க பெரியப்பா வீட்டு மாட்டுக் கொட்டத்துலதான அந்தப் பாவி தங்கியிருந்தான்.”

அவர் சொன்னதை என் மொழியில் சொல்கிறேன். பாத்திரக்காரன் அவர்கள் ஊருக்கு வந்து, இன்னாருக்குத் தூரத்துச் சொந்தம் என்று ஒரு பேரைச் சொன்னானாம். பெரியப்பா நம்பிவிட்டார். சோறு போட்டு இடம் கொடுத்தார். அங்கிருந்துதான் எங்கள் ஊர்ப்பக்கம் வியாபாரத்துக்கு வந்து போயிருக்கிறான். கொலைக்குப் பிறகு பெரியப்பாவை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் விசாரித்தார்கள். ஒன்றும் இல்லை என்று விட்டுவிட்டார்கள். ஆனால் ஊர் விடவில்லை. கொலைகாரனுக்குச் சோறு போட்டவன் என்ற பேரோடுதான் அவர் செத்தார்.

“அன்னையிலருந்து எங்க வீட்டுல ஒரே சட்டம். யாரு என்ன சொன்னாலும் சரி. சொல்லாமக் கொள்ளாமப் போயி, நம்ம கண்ணால பாத்துட்டுத்தான் ஒரு ஆள வீட்டுக்குள்ள சேக்கணும். அதுக்குத்தான் வந்தேன். ஒங்க மகளக் கேவலப்படுத்தணும்னு இல்ல.”

ஒரே ஒருத்தன். அவனுக்குப் பயந்து எங்கள் வீட்டில் இல்லாத ஆளைக் கூப்பிடுகிறோம். அவனுக்குப் பயந்து அவர்கள் வீட்டில் இருக்கிற ஆளை நம்புவதில்லை. அந்த இரண்டு பயமும், இத்தனை வருஷம் கழித்து, என் மகள் கதவில் வந்து முட்டிக்கொண்டன. அவனை நாங்கள் இருவரும் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை என்பதுதான் இதில் வேடிக்கை.

“எம்புட்டு ஒசரம்னு நெனைக்கிறீங்க, ஆறடி இருப்பானாம்ல?” என்றேன்.

“யாரு சொன்னா? குள்ளன். கொட்டத்துக் கதவுல குனியாமப் போவானாம். ஒரு பூனைக்குட்டி மாதிரி இருப்பான்னுதான் எங்க பெரியம்மா சொல்லும். அதுனாலதான நம்புனாக.”

எங்களுக்கு ஆறடி. அவர்களுக்குப் பூனைக்குட்டி. வெளியிலிருந்து வந்த பயம் பெரிதாகத் தெரியும், கூட இருந்து ஏமாற்றிய பயம் சின்னதாகத் தெரியும் போல.

பேச்சியம்மா மறுபடி உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுத்தார். பிறகு கேட்டார்.

“அந்தப் பொண்ணு பேரு என்ன?”

“எந்தப் பொண்ணு?”

“செத்துப்போச்சே... அது.”

எனக்குச் சுரீரென்றது. இத்தனை வருஷத்தில் எத்தனை பேருக்கு இந்தக் கதையைச் சொல்லியிருப்பேன்! எல்லோரும் அவனைப் பற்றித்தான் கேட்டார்கள். எப்படி இருந்தான், எப்படிப் பிடித்தார்கள், தூக்கா ஜெயிலா என்று. அவர் பேரை யாருமே கேட்டதில்லை.

“ராக்கம்மா” என்றேன். “வெத்தல போட்டுக்கிட்டே சிரிக்கும். பிள்ளைகளக் கண்டா மடியிலருந்து பொரிகடல எடுத்துக் குடுக்கும்.”

“ராக்கம்மா” என்று அவரும் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். செருப்பை எடுத்து, மண்ணைத் தட்டி, அவரே என் பையில் போட்டார். “உள்ள வாங்க மதினி. வாசல்லயே உக்கார வச்சுட்டேன்.”

மதினி என்று பெண் கொடுத்து எடுக்கிற முறைக்காரரைத்தான் சொல்வார்கள். பஸ்ஸில் வரும்போதே செல்விக்குப் போன் போட்டேன். “கைலிய எடுத்துக் கொடியில போடுடீ” என்று மட்டும் சொன்னேன். அவள் புரிந்துகொண்டாள்.

போன வாரம் முருகேசன் முதல் தடவையாக வீட்டுக்கு வந்தார். கதவு தட்டிய சத்தம். செல்வி அடுப்படியில் இருந்தாள். பழக்கம் விடுமா?

“மாமா! வாசல்ல யாரோ வந்திருக்காங்க, என்னன்னு கேளுங்க!”

வெளியிலிருந்து ஒரு குரல், தயங்கியபடி:

“நாந்தாங்க வந்திருக்கேன்... என்னைய நானே எப்படிங்க கேக்குறது?”

செல்வி கரண்டியைப் போட்டுவிட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டு எவ்வளவு காலம்!

முருகேசன் போகும்போது அந்தப் பெரிய செருப்பில் கால் விட்டுப் பார்த்தார். குதிகாலுக்குப் பின்னால் செருப்பு நீண்டுகொண்டு நின்றது. “யாருக்கு அத்த இம்புட்டுப் பெருசு?” என்றார். கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கழற்றி, இருந்த இடத்திலேயே வைத்தார்.

“இங்கனயே கெடக்கட்டும் அத்த. கல்யாணம் முடிஞ்சு நான் இங்க வந்து இருந்தாலும், கடைக்குப் போன பெறகு வீட்டுல நீங்க ரெண்டு பேருதான இருப்பீக.”

தை பிறந்ததும் கல்யாணம்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊர், காலம், நடந்த வரிசையெல்லாம் என் நினைவில் இருந்து எழுதியது. தப்பு இருக்கலாம். எங்கள் பக்கத்து ஊர்க்காரர் யாராவது இதைப் படித்தால், வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுச் சரிபார்த்துச் சொல்லுங்கள். ராக்கம்மா மதினி பேர் சரிதானே? அவன் நிஜமாகவே ஆறடியா?

குள்ளன் என்று தெரிந்தால், அடுத்த செருப்பை மாப்பிள்ளை சைஸிலேயே வாங்கிவிடுவேன்.