மின்விசிறியை நிறுத்திய வார்டு

போன சித்திரையில் வத்தலக்குண்டு பேருந்து நிலையத்தில் பஸ் ஏறும்போது என் மனைவி கால் தவறி விழுந்தாள். பின்மண்டையில் சின்ன வீக்கம்தான். ஆனால் திண்டுக்கல் வருவதற்குள் வாந்தி எடுத்து, என் தோளிலேயே கண் செருகி மயங்கிவிட்டாள்.

அவள் இதயத்தில் உலோக வால்வு உண்டு. கடிகாரம் போல டிக் டிக்கென்று ஒலிக்கும். வீடு அடங்கியபின் அதைக் கேட்டால்தான் எனக்குத் தூக்கமே வரும். அந்த வால்வில் ரத்தம் கட்டாமலிருக்கத் தினமும் மாத்திரை போடுகிறாள். அதே மாத்திரையால் இப்போது மண்டைக்குள் கசியும் ரத்தம் நிற்கவில்லை.

“மருந்தோட வேகத்தை உடனே முறிக்கணும். ஊசி போட்டு, பிளாஸ்மா ஏத்துறோம்,” என்றார் திண்டுக்கல் பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா. “முறிச்சா வால்வு அடைக்கிற ஆபத்து கொஞ்சம் இருக்கு. முறிக்காட்டி ஆளே தங்க மாட்டாங்க.”

தலையசைத்தேன். வேறென்ன செய்ய?

கசிவு நின்றது. வார்டுக்கு மாற்றினார்கள். அவள் மயக்கம் மட்டும் தெளியவில்லை. “வால்வுச் சத்தம் மங்குனா உடனே கூப்பிடுங்க,” என்று சொல்லிவிட்டுப் போனார் டாக்டரம்மா.

மதியம் அவள் நெஞ்சருகே குனிந்தேன். ஒன்றுமே கேட்கவில்லை. மின்விசிறியின் கடகடப்பு, யாரோ ஒருவரின் செல்போனில் பாட்டு, ஊர்ப் பேச்சு. இன்னும் குனிந்தேன். என் நெஞ்சு அடிப்பதுதான் கேட்டது.

“என்னண்ணே, ஒட்டுக் கேக்குறீக?” பக்கத்துக் கட்டிலில் மாமியாருக்குத் துணையிருந்த, எரியோடு ஊர்க்கார அம்மா கேலி செய்தார். விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பு வடிந்துவிட்டது. விறுவிறுவென்று போய் சுவிட்சை அணைத்தார்.

“யாருப்பு அது, பாட்ட அமத்து. எல்லாரும் செத்த நேரம் பேசாம இருங்க. அண்ணன் அவுக வீட்டம்மா நெஞ்சுச் சத்தத்தக் கேக்கணும்.”

அந்த வேக்காட்டில் பேச்சு நின்றது. சோற்றுப் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்த பாய், காகிதம் சரசரக்குமென்று கையை அப்படியே வைத்திருந்தார். முனகிக்கொண்டிருந்த கிழவிகூட உதட்டைக் கடித்துக்கொண்டாள். வியர்வை வழிய வழிய, முன்பின் தெரியாத ஒரு வார்டே எனக்காக மூச்சடக்கியது.

டிக். டிக். டிக்.

மங்காமல், துலக்கமாக. நான் தலைநிமிர்வதற்குள் அவள் கண் திறந்தாள்.

“புழுங்குது… ஃபேன யாரு அமத்துனது?”

“நாந்தேன் தாயி. இந்தா, போட்டுட்டேன்.”

மாத்திரையை மறுபடி ஆரம்பித்து, வீடு வந்து, மாதங்களாகிவிட்டன. அந்தச் சத்தம் காதில் விழும்போதெல்லாம் அதைச் சுற்றியிருக்கும் அமைதியையும் சேர்த்தே கேட்கிறேன். அதை எனக்குத் தந்தவர்களில் ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது.